வாயைக் கட்ட வேண்டியது யார்?

போன மாதம் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போயிருந்தேன். எங்கள் ஆக்களின் வழமையான கொண்டாட்டம்தான். வாடகை மண்டபம், பலூன் வளைவு, காதைப் பிளக்கிற பாட்டு, கார்டில் ஆறு மணி என்று போட்டு ஒன்பதரைக்கு வெட்டின கேக்.

ஆறு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை கையில் கேக்கோடு எங்கள் மேசையைத் தாண்டிப் போனது. மேசையில் இருந்த ஒரு அன்ரி அதன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆற்றை பிள்ளை நீ? ஐயோ, என்ன இப்பிடி உருண்டு திரண்டு போய் நிக்கிறாய்? கேக் இனிக் காணும் என்ன. பிறகு மாப்பிள்ளை கிடைக்காது."

மேசை முழுக்கச் சிரித்தது. பிள்ளையின் தாயும் சிரித்தார். பிள்ளை சிரிக்கவில்லை. கேக்கை எங்கள் மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நடந்துபோனது. ஆறு வயதுப் பிள்ளைக்கு வயிற்றை உள்ளே இழுக்க யார் பழக்கினது?

"அன்ரி, சின்னப் பிள்ளையளுக்கு உப்பிடிச் சொல்லக்கூடாது" என்றேன்.

"தம்பி, பகிடிக்குச் சொன்னது. இதுக்குப் போய் ஏன் முகத்தைத் தூக்கிறீர்? இஞ்சை பிறந்த பிள்ளையளுக்கு வாய் திறந்து ஒண்டும் சொல்லேலாது போல கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே என் கோப்பையில் இரண்டு றோல்ஸை எடுத்து வைத்தார். "சாப்பிடும். காஞ்சு போய் நிக்கிறீர்."

அந்த அன்ரி கெட்டவர் இல்லை. யாருக்கும் வருத்தம் என்றால் முதல் ஆளாகச் சோறும் ரசமும் காய்ச்சிக் கொண்டுபோகிறவர். அதனால்தான் இதை எழுதுகிறேன். கெட்டவர்கள் செய்வதென்றால் தடுப்பது சுகம். இதை நல்லவர்கள் செய்கிறோம். நானும் செய்தேன்.

எங்கள் சனம் சந்திக்கும்போது 'வணக்கம்' சொல்லுவதில்லை. "என்ன, உடம்பு வைச்சிட்டாய்?" அல்லது "என்ன, மெலிஞ்சு போனாய்?" இந்த இரண்டில் ஒன்றுதான் எங்கள் வணக்கம். இடைநடுவில் ஒரு உடம்பு கிடையவே கிடையாது. மொத்தமான பிள்ளைக்குப் பூசணிக்காய், குண்டு, உருளைக்கிழங்கு. மெல்லிய பிள்ளைக்கு நோஞ்சான், ஈர்க்கில், கருவாடு. பிள்ளை கொஞ்சம் கறுப்பென்றால் அதற்குத் தனிப் பட்டியல். இவ்வளவும் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடம் அதே பிள்ளையின் வாயில் புட்டைக் குழைத்துத் திணிப்போம். "இன்னும் ஒரு வாய், அம்மம்மாவுக்காக ஒரு வாய்." சாப்பிட்டால் குண்டு, சாப்பிடாவிட்டால் சொல்வழி கேளாத பிள்ளை. எந்தப் பக்கம் போனாலும் அடி.

இனி என் கதை. என் மகளுக்கு இப்போது பதினைந்து வயது. இதை எழுத முதல் அவளிடம் கேட்டேன். எழுதி முடித்து வாசித்தும் காட்டினேன். இரண்டு இடங்களை வெட்டச் சொன்னாள், வெட்டிவிட்டேன். எத்தனை கிலோ என்ற கணக்கை எங்கேயும் எழுதவேண்டாம் என்றாள். அதே வருத்தத்தில் இருக்கும் பிள்ளைகள் கணக்கைக் கண்டால் அதைவிடக் குறைக்கப் போட்டி போடுவார்களாம். எனக்குத் தெரியாத விசயம் அது. ஆகவே இதில் கிலோ வராது.

2020 நவம்பரில் கொரோனாவுக்காக ஜேர்மனியில் சாப்பாட்டுக் கடைகளை எல்லாம் பூட்டினார்கள். நான் வேலை செய்கிற ரெஸ்ரோரண்டும் பூட்டுப்பட்டது. ஏறக்குறைய இருபது வருடமாக இரவு பன்னிரண்டுக்கு வீடு வந்தவன், முதல்தடவையாக மாதக்கணக்கில் வீட்டில் இருந்தேன். மகளுக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடமும் பூட்டு. அவள் கட்டிலில் இருந்து கணினியில் படித்தாள், நான் சமைத்துக் கொடுத்தேன். கிடைத்த அந்தக் காலத்தில் நான் செய்த பெரிய வேலை என்ன தெரியுமா? அவளுக்குப் பெயர் வைத்தேன். "என்ரை பந்து." "பந்து, சாப்பிட வா." "பந்து, கொஞ்சம் ஓடித் திரியன், இல்லாட்டி உருண்டு போவாய்." செல்லமாகத்தான். அவளும் ஆரம்பத்தில் சிரித்தாள்.

கடை திறந்ததும் நான் திரும்ப வேலைக்குப் போய்விட்டேன். அவள் இனிப்பை விட்டாள். "கெட்டிக்காரி" என்றேன். சோற்றை விட்டாள். "இரவிலை சோறு நல்லதில்லைத்தானே" என்றாள் மனுசி. பிறகு அவள் கேக் செய்யத் தொடங்கினாள். வீட்டில் எல்லாருக்கும், பக்கத்து வீட்டு டொச்காரக் கிழவிக்கும் கேக். சமையல் புத்தகங்களை இரவிரவாக வாசித்தாள். "அப்பாவைப் போல சமையலிலை விருப்பம்" என்று நான் வேலையிடத்தில் பெருமையடித்தேன். அவள் சுட்ட கேக்கில் ஒரு துண்டுகூட அவள் வாயில் போகவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

இதில் வெட்கம் என்னவென்றால், நான் கோப்பை கழுவின ஆள். இப்போது குசினியில் சமைக்கிறேன் என்றாலும், முதல் பத்து வருடம் கோப்பைதான் கழுவினேன். கோப்பை கழுவுகிறவனுக்குச் சனத்தைப் பற்றி வைத்தியரைவிடக் கூடத் தெரியும். சாப்பிட்டு வந்த கோப்பையும் சாப்பிட்ட மாதிரிக் காட்டி வந்த கோப்பையும் வேறு வேறு. சோஸ் கோப்பை முழுக்கப் பூசப்பட்டிருக்கும், இறைச்சி சின்னச் சின்னதாக வெட்டப்பட்டு ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும், கடதாசித் துவாயைத் தூக்கினால் அதன் கீழே பாதிச் சாப்பாடு இருக்கும். ஆயிரம் கோப்பைகளில் அதைக் கண்டிருக்கிறேன். என் வீட்டுக் கோப்பையில் காணவில்லை.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் வகுப்பு ஆசிரியை கூப்பிட்டார். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுக்கிற பாண் பெட்டியை மகள் ஒவ்வொரு நாளும் குப்பைத் தொட்டியில் கவிழ்க்கிறாள் என்றார். பிள்ளை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் மஞ்சள் கொப்பியை வாங்கிப் பார்த்தார். ஜேர்மனியில் பிள்ளை பெற்றவர்களுக்கு அந்தக் கொப்பியைத் தெரியும், பிறந்த நாளிலிருந்து ஒவ்வொரு பரிசோதனையையும் அதில் எழுதுவார்கள். அதில் வளைகோடுகள் போட்ட பக்கம் ஒன்று இருக்கிறது. ஒரே வயதுப் பிள்ளைகள் 100 பேரை மெலிவிலிருந்து பருமன் வரைக்கும் வரிசையாக நிறுத்தினால் உங்கள் பிள்ளை எத்தனையாவதாக நிற்கும் என்பதை அது காட்டும். 90ஐத் தாண்டினால்தான் எடை கூட என்பது இங்கே வைத்தியர்களின் கணக்கு. 10க்குக் கீழே போனால் எடை குறைவு.

வைத்தியர் பென்சிலால் புள்ளிகளைத் தொடுத்துக் காட்டினார். இரண்டு வயது, நாலு வயது, ஐந்து வயது, எல்லாம் நடுவில். நான் பந்து என்று கூப்பிட்ட அந்தக் குளிர்காலத்திலும் நடுவுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பிறகு கோடு மலையிலிருந்து விழுந்த மாதிரிக் கீழே. என் மகள் ஒருநாளும் மொத்தமாக இருந்ததில்லை. என் வாயில் மட்டும்தான் அவள் மொத்தமாக இருந்தாள்.

சிறுவர் மனநலப் பிரிவில் ஒன்பது கிழமை வைத்திருந்தார்கள். அதைப் பற்றி அவள் எழுதினால் எழுதட்டும், நான் எழுதமாட்டேன்.

இதை ஆக்களிடம் சொன்னபோது வந்த பதில்களுக்குத்தான் இனி வருகிறேன்.

முதலாவது பதில்: "உது வெள்ளைக்காரன்ரை வருத்தம். எங்கடை ஆக்களுக்கு வாறதில்லை."

பீஜித் தீவைப் பற்றி ஒரு ஆய்வு இருக்கிறது. அங்கே மரபாக உடம்பு வைத்திருப்பதுதான் மதிப்பு. வீட்டில் நல்லாகக் கவனிக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். எங்கள் ஊர் மாதிரியேதான், மெலிந்தால் சொந்தக்காரர் பதறுவார்கள். அந்தத் தீவின் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அப்போதும் மூன்று வருடம் கழித்து 1998இலும் அங்கே பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளிடம் கேட்டார். எடையைக் குறைக்கச் சாப்பிட்டதை வாந்தி எடுப்பதாக 1995இல் ஒருவரும் சொல்லவில்லை. 1998இல் 100க்கு 11 பேர் சொன்னார்கள். மூன்றே வருடம். நாங்கள் இந்த நாட்டில் நாற்பது வருடமாக இருக்கிறோம்.

ஜேர்மனியின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். றொபேர்ட் கொக் நிறுவனம் 2003 முதல் 2006 வரை நாடு முழுவதும் செய்த சிறுவர் ஆய்வில், 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 100க்கு 22 பேரிடம் உணவுக் கோளாற்றின் அறிகுறி இருந்தது. பெண்பிள்ளைகளில் 29, ஆண்பிள்ளைகளில் 15. அறிகுறி என்றால் எல்லாருக்கும் வருத்தம் என்று அர்த்தமில்லை, ஆனால் வாசலில் நிற்கிறார்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடமும் வெளிநாட்டுப் பின்னணிப் பிள்ளைகளிடமும் அது கூடுதலாகவே இருந்தது. அதாவது எங்கள் வீடுகளில். இந்த வருத்தத்துக்காக ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்ற 10 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகள் 2003இல் சுமார் 3000 பேர். 2023இல் சுமார் 6000 பேர்.

இரண்டாவது பதில்: "எங்களையும்தான் சின்னனிலை குண்டு எண்டு சொன்னவை. நாங்கள் என்ன செத்தா போனம்?"

எங்களுக்குச் சொன்ன காலத்தில் எங்களைச் சுற்றி என்ன இருந்தது? எங்கள் ஊரில் கண்ணாடி என்பது அப்பா சவரம் செய்ய வைத்திருந்த கைகண்ணாடிதான். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. சீனி இல்லை, சவுக்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நடந்தபோது எனக்குப் பதினேழு வயது. அப்போது யாரும் இடுப்பளவு பார்க்கவில்லை. சொல் ஒன்றுதான், விழுந்த நிலம் வேறு. இங்கே அதே சொல் விழுகிற பிள்ளையின் கையில் போன் இருக்கிறது. அதற்குள் ஆயிரம் உடம்புகள் வரிசையில் நின்று "நீ போதாது" என்கின்றன. வீட்டிலும் அதையே சொன்னால் பிள்ளை எங்கே போகும்?

மூன்றாவது பதில்: "எல்லாம் ரிவியும் போனும் செய்யிற வேலை."

பாதி உண்மை. 2006 முதல் இங்கே ஓடிக்கொண்டிருக்கிற அந்த மொடல் அழகிப் போட்டி நிகழ்ச்சியை எல்லாருக்கும் தெரியும். உணவுக் கோளாற்றுக்குச் சிகிச்சை பெறுகிற 241 பேரிடம் மூனிச்சில் இருக்கும் ஆய்வு நிறுவனம் ஒன்று விசாரித்து 2015இல் வெளியிட்டது. அவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கினர், தங்கள் வருத்தத்தில் அந்த நிகழ்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு என்றார்கள். சரி. ஆனால் அந்த நிகழ்ச்சியை யாருடைய வரவேற்பறையில், யாரோடு சேர்ந்து பார்க்கிறார்கள்? நாங்கள் பார்க்கிற தமிழ்ப் படத்தில் மொத்தமான ஆள் எதற்கு வருகிறார்? அடி வாங்க, விழ, சிரிப்புக் காட்ட. நாங்களும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறோம். பிள்ளை படத்தை மட்டும் பார்ப்பதில்லை, எங்கள் சிரிப்பையும் பார்க்கிறது.

நாலாவது பதில்தான் கெட்டித்தனமானது: "நாங்கள் நன்மைக்குத்தான் சொல்லுறம். எங்கடை ஆக்களுக்குச் சலரோகம் கூட."

சலரோகம் எங்கள் ஆக்களுக்குக் கூடத்தான், மறுக்கவில்லை. என் அப்பாவும் சலரோகக்காரர்தான். ஆனால் குண்டு என்று சொல்லிச் சலரோகத்தைத் தடுக்கலாம் என்று எந்த வைத்தியர் சொன்னார்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு ஓடிவந்தவன் நான், படித்து முடித்தவன் இல்லை. ஆனாலும் மகள் உள்ளே இருந்த காலத்தில் கண்டதையெல்லாம் தேடி வாசித்தேன்.

அமெரிக்காவில் டேவிசன், பேர்ச் என்ற இருவர் ஐந்து வயதுப் பெண்பிள்ளைகள் 197 பேரையும் அவர்களின் பெற்றோரையும் ஆராய்ந்து 2001இல் எழுதினார்கள். எடையைப் பற்றிப் பெற்றோர் கூடக் கவலைப்பட்டு, சாப்பாட்டை மறித்த வீடுகளில், பிள்ளைகள் தங்களைப் பற்றித் தாழ்வாகவே நினைத்தார்கள். ஐந்து வயதில். அதே பேர்ச் வேறொருவரோடு சேர்ந்து 1999இல் காட்டினது, ஒரு சாப்பாட்டை மறித்து வைத்தால் பிள்ளைக்கு அதன்மேல் ஆசை கூடும் என்பது. அலுமாரியில் பூட்டின பிஸ்கற்றைப் பற்றித்தான் பிள்ளை நாள் முழுக்க யோசிக்கும். மினசோட்டாவில் பதின்ம வயதினரிடம் செய்து 2013இல் வந்த ஆய்வு இன்னும் தெளிவு. பெற்றோர் எடையைப் பற்றிக் கதைத்த வீடுகளில் பிள்ளைகள் பட்டினி கிடப்பதும் வாந்தி எடுப்பதும் கூட. எடையை விட்டுவிட்டு நல்ல சாப்பாட்டைப் பற்றிக் கதைத்த வீடுகளில் அது குறைவு. சொல்லுகிற விசயம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றில் உடம்பு குற்றவாளி, மற்றதில் சாப்பாடு ருசியான விசயம்.

அதே மினசோட்டாவில் 1944-45இல் இன்னொரு பரிசோதனை நடந்தது. போரில் பட்டினி கிடந்த சனத்தை எப்படித் தேற்றுவது என்று அறிய, ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்தார். அவர்கள் எல்லாம் தாங்களாக முன்வந்தவர்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை. சமையல் புத்தகம் சேர்த்தார்கள், ஒரு துண்டுப் பாணை மணிக்கணக்கில் பிய்த்துத் தின்றார்கள், மனம் உடைந்தார்கள். இதை வாசித்தபோது என் மகளின் கேக்குகள் எனக்கு விளங்கின. அது சமையல் விருப்பம் இல்லை. பட்டினி மூளையில் செய்கிற வேலை.

இனிச் சாமத்திய வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. பத்து, பதினொரு வயதில் பிள்ளை பெரியபிள்ளை ஆகிறது. அந்தக் காலத்தில் உடம்பில் கொழுப்பு சேருவதும் இடுப்பு அகலுவதும் இயற்கை. உடம்பு தன் வேலையைச் செய்கிறது. சரியாக அந்த நேரத்தில் நாங்கள் மண்டபம் எடுத்து, வீடியோக்காரனைப் பிடித்து, இந்தியாவிலிருந்து சாறி எடுப்பித்து, "மண்டபத்துக்கு இன்னும் நாலு மாதம் கிடக்கு, அதுக்குள்ளை கொஞ்சம் இறக்கிப் போடு, அப்பதான் சாறியிலை வடிவு" என்று பிள்ளைக்குச் சொல்கிறோம். நானூறு பேர் அந்த உடம்பைப் பார்க்க வருகிறார்கள் என்றும் சொல்கிறோம். சடங்கு வேண்டும், வேண்டாம் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. வைக்கிறவர்கள் வையுங்கள். ஆனால் வளர வேண்டிய வருடத்தில் பிள்ளையைப் பட்டினி போட்டு மேடையில் ஏற்றாதீர்கள்.

ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் தப்பிவிட்டோம் என்று நினைக்கவேண்டாம். நோஞ்சான் என்று சொல்லி வளர்த்த பெடியன்தான் பதினாலு வயதில் புரதமாவு டப்பாவோடு திரிகிறான்.

ஏன் இப்படி இருக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். ஹில்ட புறூக் என்று ஒரு பெண் வைத்தியர். ஜேர்மனியில், நெதர்லாந்து எல்லைக்குக் கிட்ட இருக்கும் டுல்கன் என்ற சின்ன ஊரில் 1904இல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிள்ளை வைத்தியம் படித்தார். 1933இல் கிற்லர் வந்ததும் நாட்டை விட்டு ஓடினார். எங்களைப் போல அகதிதான். பிறகு நியூயோர்க்கில் மொத்தமான பிள்ளைகளையும் அவர்களின் குடும்பங்களையும் ஆராய்ந்தார். அதில் பல தாய்மார் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள், வறுமையும் பசியும் கண்டவர்கள். பிள்ளை அழுதாலும் சாப்பாடு, பயந்தாலும் சாப்பாடு, சந்தோசத்துக்கும் சாப்பாடு. அன்பைச் சொல்ல அவர்களிடம் வேறு பாசை இருக்கவில்லை என்பது புறூக் கண்டது. பிற்காலத்தில் சாப்பிட மறுக்கிற பிள்ளைகளைப் பற்றி உலகத்துக்கு விளங்கப்படுத்தினவர்களில் முக்கியமானவரும் அவர்தான்.

எண்பது வருடத்துக்கு முந்தின நியூயோர்க் தாய்மாரும் எங்கள் தாய்மாரும் ஒன்றுதான். நாங்கள் பசியில் இருந்து வந்த சனம். ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறோம், 2009இல் எங்கள் சனம் அரிசியும் தண்ணீருமாக உயிர் பிடித்திருந்ததை மறக்கக்கூடாது என்று. சரியான காரியம். ஆனால் கஞ்சியை நினைவு வைத்திருக்கிற அதே சனத்தின் வீட்டில், நிறைந்த மேசைக்கு முன்னால் ஒரு பிள்ளை பட்டினி கிடக்கிறது. அதுவும் எங்கள் சொல்லைக் கேட்டு. இதைவிடக் கேவலம் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். 'பந்து' என்ற ஒரு சொல்தான் என் மகளை வருத்தக்காரி ஆக்கியது என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. இந்த வருத்தத்தில் பிறப்போடு வருகிற பங்கும் பெரிது. 2019இல் வந்த பெரிய ஆய்வொன்று மரபணுக்களில் அதற்கான எட்டு இடங்களைக் கண்டுபிடித்தது. ஆயிரம் பிள்ளைகளைப் பந்து என்று கூப்பிட்டால் பெரும்பாலானவர்கள் தப்பிவிடுவார்கள். ஆனால் தப்பாத பிள்ளை எது என்று நெற்றியில் எழுதியிருக்கிறதா? மனவருத்தங்களுக்குள் ஆக அதிகமாக உயிரெடுப்பவற்றில் இது ஒன்று. பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் பழைய வழக்கம், அதையும் இப்போது விட்டுவிட்டார்கள். லண்டனில் மோட்ஸ்லி ஆஸ்பத்திரியில் எண்பதுகளில் தொடங்கின சிகிச்சை முறையில் தாய் தகப்பன்தான் மருந்து. அவர்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து, நேரத்துக்கு நேரம் சாப்பிட வைத்துத் தேற்றுகிறார்கள். நாங்களும் பிறகு அப்படித்தான் செய்தோம். ஒரு கோப்பைச் சோற்றுக்கு ஒன்றரை மணித்தியாலம். முதலாளியிடம் கேட்டுப் பகல் வேலைக்கு மாறினேன். சம்பளம் குறைந்தது. குறையட்டும்.

ஆகவே பெற்றோரே, சில விசயங்கள்.

பிள்ளையின் உடம்பைப் பற்றி, நல்லதோ கெட்டதோ, பகிடிக்கும் கதைக்காதீர்கள். "மெலிஞ்சு வடிவாய் இருக்கிறாய்" என்ற பாராட்டும் நஞ்சுதான். பிள்ளை கேட்க உங்கள் உடம்பையும் திட்டாதீர்கள். கண்ணாடிக்கு முன்னால் "நான் எவ்வளவு மொத்தம்" என்று தாய் சொல்வதை, அதே முகவெட்டும் அதே இடுப்பும் உள்ள மகள் பக்கத்தில் நின்று கேட்கிறாள்.

எலின் சற்றர் என்ற அமெரிக்க உணவு ஆலோசகர் சொன்ன சின்ன விதி: என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெற்றோரின் பொறுப்பு. எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. அதட்டி ஊட்டவும் வேண்டாம், பறிக்கவும் வேண்டாம். எடை உண்மையில் கூட என்று வைத்தியர் சொன்னால் முழு வீடும் மாறட்டும். சோடாவை ஒருவருக்கு மட்டும் நிறுத்தி, அண்ணனுக்கு ஊற்றாதீர்கள். வருத்தம் வந்தால் மட்டும் இந்த விதி பொருந்தாது, அப்போது வைத்தியர் சொல்கிறபடிதான்.

சாப்பாட்டு நேரத்தில் பிள்ளை அடிக்கடி "பள்ளிக்கூடத்திலை சாப்பிட்டிட்டன்" என்று சொன்னால், கோடையிலும் கைநீளச் சட்டையோடு திரிந்தால், சாப்பிட்ட உடனே குளியலறைக்குப் போனால், எப்போதும் குளிர்கிறது என்றால், கவனியுங்கள். வளர்கிற பிள்ளைக்கு எடை கூடாமல் நின்றுவிட்டாலே அது குறைந்தது மாதிரித்தான். இன்னும் சின்னப் பிள்ளைகள் சிலருக்கு உடம்பைப் பற்றின நினைப்பே இருக்காது, தொண்டையில் சிக்கும் என்ற பயத்திலோ மணம், பதம் பிடிக்காமலோ சாப்பாட்டை ஒதுக்குவார்கள். அதுவும் வருத்தம்தான். குழப்படி இல்லை.

மஞ்சள் கொப்பியோடு பிள்ளை வைத்தியரிடம் போங்கள். சிகிச்சைச் செலவு மருத்துவக் காப்புறுதியில் வரும். கொலோனில் இருக்கும் மத்திய சுகாதார நிறுவனம், 2025 வரை 'பெ செற் கே ஆ' என்ற பெயரில் இருந்தது, உங்கள் ஊருக்குக் கிட்ட இருக்கிற ஆலோசனை நிலையத்தைத் தேடித் தரும். "வெளியிலை சொன்னால் பிள்ளையைப் பறிச்சுக் கொண்டு போவாங்கள்" என்று பயப்படாதீர்கள். நானும் அந்தப் பயத்தில் மூன்று கிழமை இழுத்தடித்தேன். உதவி கேட்டு வந்த தகப்பனிடமிருந்து யாரும் பிள்ளையைப் பறிக்கவில்லை. அந்த மூன்று கிழமைதான் பறித்தது.

மகள் இப்போது பரவாயில்லை. முழுக்கச் சுகம் என்று எழுத எனக்குத் துணிவில்லை. சில நாட்களில் கோப்பையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பாள். நானும் பேசாமல் பக்கத்தில் இருப்பேன். அன்று பிறந்தநாளுக்கு அவளும் வந்திருந்தாள். அந்தச் சின்னப் பிள்ளை கேக்கை வைத்துவிட்டுப் போனதை அவளும் கண்டாள். எழும்பிப் போய், புதிதாக இரண்டு துண்டு கேக் எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். ஒன்றைக் கொடுத்தாள். மற்றதைத் தான் சாப்பிட்டாள். எனக்குத் தெரியும், அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று.

'வாயைக் கட்டு' என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். கட்டவேண்டியது அவர்களின் வாயை இல்லை.